புல் முடியும் இடம்

சென்னையை ஒட்டிய நூம்பலில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்த குடியிருப்பின் மூன்றாவது மாடிப் பால்கனியில் நின்றால் கீழே இருந்த புல்தரை முழுதாகத் தெரியும். நான்கு கட்டடங்களுக்கு நடுவில் நீளவாக்கில் கிடந்த அந்தப் புல்லைக் காட்டித்தான் தரகர் எங்களை அந்த வீட்டுக்குச் சம்மதிக்க வைத்தார். எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் புல் என்றால் மழை பெய்து முடிந்ததும் வரப்பில் தலைகாட்டிவிட்டு அதுவாகக் காய்ந்துபோவது. அதற்கென்று குழாய் பதித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஆள் வைத்து வெட்டி வளர்ப்பதைப் பார்த்தபோது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்ததும் காபியோடு பால்கனிக்குப் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று.

அப்படி நிற்கும்போதெல்லாம் ஒரு பெண்மணி செருப்பில்லாமல் அந்தப் புல்லில் நடப்பதைப் பார்ப்பேன். அறுபதை நெருங்கும் வயது. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, புல்லின் ஓரத்தை ஒட்டி நேராக நடப்பார். புல் முடிந்து நடைபாதை சிமெண்ட் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நிற்பார். பாதத்தால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல ஏதோ செய்துவிட்டுத் திரும்பி மறுபடி நடப்பார். அவருடைய கணவர் ஓரத்துப் பெஞ்சில் மனைவியின் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ மூட்டுவலிக்கு வைத்தியம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் கேட்டுக்கு வெளியே காய்கறி வண்டியருகே இருவரையும் நேரில் பார்த்தேன். நான் சிரித்தேன். அந்தப் பெண்மணி என் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை.

"அவளுக்குப் பார்வ இல்லமா," என்றார் கணவர். "சக்கரைல பூட்ச்சு. நீ சிரிச்சா தெரியாது. பேசு."

அன்றுமுதல் பேசினேன். அவர்களை அக்கா என்றும் அண்ணே என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். அண்ணன் நகருக்குள், பாடி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பாடியிலேயே ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள். அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகுதான், வாகனம் இல்லாத இடத்தில் அவள் நடக்கட்டும் என்று இங்கே தரைத்தளத்தில் வீடு வாங்கினாராம். பிள்ளைகள் இல்லை. சமையல், துவைப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர்தான்.

"இவர் கைய புடிச்சிகினுதான் பாத்ரூமுக்கே போறேன்," என்றார் அக்கா ஒருநாள், புல்லில் என்னோடு நடந்துகொண்டே. "இந்த எடம் ஒண்ணுதான் நானா நடக்கறது. புல்லு ஜில்லுனு கீது. அந்தாண்ட சிமிட்டி சூடா கீது. கால வெச்சா போதும், எங்க கீறேன்னு தெரிஞ்சிடும்."

"செருப்புப் போட்டுக்கலாமேக்கா?"

"போட்டா ஒண்ணும் தெரியலியே."

அந்த ஆண்டு மழை ஏமாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டும் சரியில்லை. தை முடிவதற்குள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காற்றை இறைக்கத் தொடங்கியது. காலையில் கொஞ்சநேரம், மாலையில் கொஞ்சநேரம் என்று தண்ணீர் விட்டார்கள். பிறகு மாலை நின்றது. வேலப்பன்சாவடி சாலையில் எந்நேரமும் தண்ணீர் லாரிகள். அவை சிந்திக்கொண்டு போன ஈரத்தில் நாய்கள் படுத்துக் கிடக்கும். எங்கள் குடியிருப்புக்கும் லாரி வந்தது. சில நாள் வரவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வாரக் கடைசியில் சொந்தக்காரர் வீட்டுக்குத் துணியோடு போய்த் துவைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அப்போதும் புல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அளவு குறைந்திருந்தது. ஆனால் பச்சையாகத்தான் இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். ஒரு காலத்தில் அங்கே பயிர் செய்த குடும்பங்கள்தான் இன்னும் இருக்கின்றன. சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், சிலர் வீட்டின் மேல் இரண்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எங்களுடைய ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கிய பிறகு அவர்களுடைய அடிபம்பில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. அதனால்தான் நின்றதா என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு எங்கள் கேட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. கார்கள் வெளியே போக முடியாமல் வரிசையாக நின்றன. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் போய்ப் பேசினார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவர், எப்போதும் அமைதியாகப் பேசுகிறவர்.

"என்ன வேணும்னு சொல்லுங்க. உக்காந்து பேசிக்கலாமுங்க," என்றார்.

முன்னால் இருந்த பெண் எழுந்திருக்கவில்லை. கேட் கம்பிகளுக்கு இடையில் விரலை நீட்டினாள். "எங்க ஊட்ல கொயந்தைக்கு வாய் கொப்புளிக்கத் தண்ணி இல்ல. நீங்க அத்த புல்லுக்கு ஊத்திகினு கீறீங்க. இதுக்கு மேல இன்னா பேசறது?"

செயலாளருக்குப் பின்னால், கேட்டுக்கு உள்ளே ஒரு கூட்டம் நின்றது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் ஊரில் என் அம்மா அதே மாதிரி குடத்தோடு தெருக்குழாயில் நின்றிருக்கிறாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்த வாரம் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். வறட்சி தீரும்வரை புல்தரைகளுக்கும் அழகுத் தோட்டங்களுக்கும் சுத்திகரித்த கழிவுநீரைத் தவிர எந்தத் தண்ணீரும் பாய்ச்சக் கூடாது. மீறினால் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு துண்டிக்கப்படும். அன்று மாலையே கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் கூடியது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, நின்று கேட்கலாம். தூணோரமாக நின்றேன்.

புல்லுக்குப் போன தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வைத்து ஊர்க்காரர்களுக்குக் காலையில் விடுவது என்று முடிவாயிற்று. யாரும் எதிர்க்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து வருகிற குழாய் முன்கேட் வரைதான் இருந்தது. அதில் வருவதும் சொற்பம். அதை வைத்து முன்கேட்டருகே ஓர் அறை அளவுக்கு மட்டும் புல்லை வைத்துக்கொள்வது, மற்றதை அப்படியே விட்டுவிடுவது என்று செயலாளர் படித்தார்.

அண்ணன் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கேட்டாண்ட வைக்கற புல்ல உள்ள வெச்சா நல்லாருக்கும் சார். இவ நடக்கற ஓரத்துல. ஒரு ஆள் நடக்கற அகலம் போதும்."

"அங்க அந்தத் தண்ணி வராதுங்களே."

"நான் பக்கெட்ல எடுத்துகினு வந்து ஊத்திக்கறேன்."

அக்கா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தத் தண்ணில கிருமி இருக்குங்க. அவங்க வெறுங்கால்ல நடக்கறாங்க," என்றார் செயலாளர். "அதுவும் போக, ஒருத்தருக்கு விட்டோம்னா ஆளுக்கொரு காரணம் வரும். கேட் பக்கத்துலன்னா கழிவுநீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியும். வெளிய குடத்தோட நிக்கறவங்க உள்ள பச்சையா பாத்தா, அவங்ககிட்ட இது எந்தத் தண்ணின்னு நான் போய் விளக்கிட்டிருக்க முடியுமுங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. கூட்டம் முடிந்ததும் அக்காவின் அருகில் வந்து குனிந்து, "மன்னிச்சுக்குங்க," என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

புல் ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் நடுவில் மஞ்சள் படிந்தது, பிறகு ஓரங்களுக்குப் பரவியது. அண்ணன் துணி அலசிய தண்ணீரை வாளியில் கொண்டுவந்து அக்கா நடக்கும் ஓரத்துக்கு மட்டும் ஊற்றினார். ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு நின்றது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் அது தனியாகத் தெரியும். என்னைப் போலவே மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதன் கீழே பேச்சு நீண்டது. எங்கள் பிள்ளைகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிக்கிறார்கள், அங்கே புல் குளிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை செயலாளர் அண்ணனைத் தேடி வந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது இருவரும் புல்லோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சோப்புத் தண்ணி சார் இது. மோந்து பாருங்க." அண்ணன் வாளியைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குத் தெரியுமுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியாதே."

"என் ஊட்டுப் பங்குதான். துணி அலசிட்டுச் சாக்கடைல ஊத்தறத இங்க ஊத்தறேன்."

"உத்தரவுல சுத்திகரிச்சதத் தவிர எந்தத் தண்ணியும் கூடாதுன்னு போட்டிருக்காங்க. மோட்டார் இணைப்பையே துண்டிச்சா எல்லாரும் என்ன பண்ணுவாங்க?"

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். அடுத்த நாளிலிருந்து ஊற்றுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. சோப்புத் தூளின் காரத்தில் அந்தக் கோடு ஏற்கெனவே நுனி கருகிக்கொண்டுதான் இருந்தது.

சித்திரையில் வேரும் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் புல் எதன்மேல் இருந்தது என்பது எங்களுக்குத் தெரிந்தது. கட்டடம் கட்டியவர்கள் மிச்சமான இடிபாட்டை நிரவி, அதன்மேல் ஒரு சாண் செம்மண்ணைப் போட்டுப் புல்லை விரித்திருக்கிறார்கள். மண் காற்றில் பறந்ததும் செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, ஜல்லி, துருப்பிடித்த கட்டுக்கம்பி எல்லாம் மேலே வந்தன. மதியக் காற்றில் புழுதி மூன்றாவது மாடி வரை ஏறியது. எவ்வளவு துடைத்தாலும் சோற்றில் நறநறத்தது.

அக்கா நடப்பதை நிறுத்தவில்லை. அண்ணன் ஓரத்தில் தேங்காய்நார்க் கயிற்றை நீளமாக விரித்து, இரு முனையிலும் கல்லை வைத்தார். அந்தக் கயிற்றைப் பாதத்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே அக்கா நடந்தார். ஒவ்வொரு நாளும் வெயில் தாழ்ந்ததும் அண்ணன் குந்தி உட்கார்ந்து அந்தப் பாதையில் கிடந்த கல்லையும் கம்பியையும் பொறுக்கி ஒரு முறத்தில் போடுவார். பிறகு துடைப்பத்தால் பெருக்குவார். அதற்குப் பிறகே அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆனால் பெருக்கப் பெருக்க மண் குறைந்து அடியில் கிடந்தது மேலே வந்துகொண்டே இருந்தது.

"வீட்டுக்குள்ளேயே நடக்கலாமேக்கா," என்று ஒருநாள் சொன்னேன்.

"ஊட்டுக்குள்ள நாலு எட்டு வெச்சா செவுரு," என்றார்.

கம்பி எப்போது குத்தியது என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. ஒருநாள் காலை அண்ணன் தரையைத் துடைக்கும்போது கட்டிலிலிருந்து குளியலறை வரை சீழும் இரத்தமுமாகக் கறை இருந்திருக்கிறது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் கட்டைவிரலுக்குக் கீழே சின்னத் துளை, சுற்றிலும் கறுப்பு. வேலப்பன்சாவடியில் ஒரு டாக்டரிடம் கட்டுப்போட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கறுப்பு நிற்கவில்லை. வீக்கம் கணுக்காலுக்கு ஏறி, காய்ச்சலில் அக்கா பிதற்றத் தொடங்கிய அன்று அண்ணன் படியேறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். அதற்குமுன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"அவளத் தூக்கணும். எனுக்கு முடியல," என்றார்.

நானும் என் கணவரும் எங்கள் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதுரவாயல் பாலத்தடியில் வண்டிகள் நகரவே இல்லை. பின்னிருக்கையில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. காலில் சுற்றியிருந்த துணிக்கட்டிலிருந்து வந்த நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தோம், புழுதி தாங்காமல் மூடினோம், மறுபடி திறந்தோம்.

இளம் டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இவங்கள வெறுங்காலோட நடக்க விட்டது யாரு?" என்று கேட்டார். "சுகர் இருக்கு, கண்ணு போயிருக்கு. காலுக்கு உணர்ச்சி இருக்காதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அண்ணன் கையில் அக்காவின் செருப்பு இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை என்று பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பெண்கள் வார்டில் ஆண்களைப் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அண்ணனுக்கு உதவ வேறு பெண் யாரும் இல்லாததால் விடுமுறை எடுத்துக்கொண்டு பகலில் நான் இருந்தேன். வெளி வராந்தாவில் அண்ணன் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாக நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்.

மயக்கம் தெளிந்த பிறகு ஒரு மதியம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவரு வெளியில கீறாரா?"

"ஆமாக்கா. கூப்பிடட்டுமா?"

"வேணாம். ஒண்ணு சொல்றேன், அவரண்ட சொல்லாத." குரலைத் தாழ்த்தினார். "புல்லு இருக்கசொல்லவே எனுக்குக் கால் மரத்துப் பூட்ச்சு. கடைசில ஜில்லுன்னும் தெரியல, சூடும் தெரியல. குத்துமதிப்பாத்தான் திரும்பினேன்."

மேலிருந்து நான் எத்தனையோ மாலை பார்த்துக்கொண்டு நின்ற நடை அது. "ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அதுவும் கிடையாது. டாக்டராண்ட இட்டுகினு பூடுவாரு, செருப்ப மாட்டி உட்ருவாரு. அப்பறம் கைய புடிச்சிகினுதான் நடக்கணும்." என் கையை விடாமலே தொடர்ந்தார். "கயிறு போட்டாரு பாரு, அதுகூடத் தெரியல. அவரு கஷ்டப்பட்டுப் போட்டாரேன்னு தெரியற மாரி நடந்தேன்."

பக்கத்துப் படுக்கைக்காரி அனத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டார் அக்கா. பாட்டிலை வாயில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே ஆழ்துளைக் கிணறு முழுதாக வற்றிவிட்டது. கேட்டுக்கு வெளியே வைத்த குழாயும் நின்றது. ஊர்ப் பெண்கள் சில நாள் வந்து பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். லாரி வரும் தெருமுனையில் அவர்களும் எங்கள் குடியிருப்பின் வேலைக்காரப் பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். முன்கேட்டருகே வைத்திருந்த துண்டுப் புல்லும் காய்ந்தது.

அண்ணன் அந்த வீட்டை விற்றுவிட்டார். சக்கர நாற்காலியில் அக்காவை ஏற்றி இறக்க வழியில்லாத வாசல்படி, எதிரே அந்த வெற்று நிலம். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியாது என்று சொன்னார். மறுபடி பாடிக்கே வாடகைக்குப் போனார்கள். செயலாளர் வந்து சாமான் ஏற்ற உதவினார். அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐப்பசியில் மழை கொட்டியது. தரையில் அங்கங்கே தானாகப் புல் முளைத்தது. சங்கம் அதையெல்லாம் செதுக்கிவிட்டுச் சிமெண்ட் கல் பதித்தது. இனி எந்தக் கோடையிலும் இந்தப் பிரச்சினை வராது என்று குழுவில் செய்தி போட்டார்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடிக்குப் போனேன். மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி உள்சந்தில் கீழ்வீடு. லாரிகள் போகும்போதெல்லாம் ஷெல்ஃபில் பாத்திரங்கள் அதிர்ந்தன. அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். செயற்கைக் கால் தருவதாகச் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம். அண்ணன் டீ போட்டுக் கொண்டுவந்தார். வந்ததிலிருந்து அவர் சங்கத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே கல் பதித்திருப்பதை நான் சொன்னதும் குரல் உயர்ந்தது.

"கல்லு போட எடம் கீது. ஒரு மொயம் புல்லு உடறதுக்கு எடம் இல்லையா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. நீயே சொல்லுமா. அந்த ஓரத்த உட்டிருந்தா இவளுக்கு இது ஆயிருக்குமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் என் குரல் வரும் திசையில் இருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். கை மட்டும் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆயிருக்காதுண்ணே," என்றேன்.

"கேட்டியா," என்றார் அவர் மனைவியிடம்.

"கேட்டுகினுதான் கீறேன்," என்றார் அக்கா. "அவ டீ குடிக்கட்டும், உடு."